‘மனதைக் கவர்ந்தது’ என்றால் என்ன?

‘பாட்டுப் போட்டியில் அந்தச் சிறுமி எல்லோருடைய மனதையும் கவர்ந்தாள்.’ இந்த மாதிரி ஒரு வாக்கியத்தைப் பள்ளிக்கூடத்தில் எழுதாமல் வந்தவர்கள் குறைவு. ஒருவர் மேல் நமக்குப் பிரியம் உண்டாகிவிட்டது என்று சொல்ல, எழுத்துத் தமிழில் முதலில் கைக்கு வருகிற வினைச்சொல் ‘கவர்’. அவ்வளவு பழகிப்போனதால் அதை யாரும் திருப்பிப் பார்ப்பதில்லை. கொஞ்சம் திருப்பிப் பார்த்தால், அது எங்கே பொருந்தும், எங்கே உறுத்தும், ‘ஈர்’, ‘மயக்கு’ போன்ற பக்கத்துச் சொற்களிலிருந்து எங்கே விலகும் என்பதெல்லாம் நன்றாக விளங்கும்.

‘கவர்’ என்பதன் அடிப்படைப் பொருள், பிறருக்குச் சொந்தமானதை எடுத்துக்கொள்வது. பறித்தல், கொள்ளையிடுதல், தூக்கிக்கொண்டு போதல் எல்லாம் இதற்குள் அடங்கும். இராமாயணக் கதையைச் சொல்லும்போது ‘இராவணன் சீதையைக் கவர்ந்து சென்றான்’ என்கிறோம். அதே கதையில் மிதிலைக் காட்சியைச் சொல்லும்போது ‘இராமன் சீதையின் மனதைக் கவர்ந்தான்’ என்றும் சொல்கிறோம். வினைச்சொல் ஒன்றுதான். முதல் வாக்கியத்தில் எடுத்துச் செல்லப்படுவது சீதை, இரண்டாவதில் அவள் மனம். முதலாவது குற்றம், இரண்டாவது காதல். இரண்டையும் கேட்கிற யாருக்கும் குழப்பம் வருவதில்லை. எதைக் கவர்ந்தான் என்பதே பொருளைத் தீர்மானித்துவிடுகிறது.

இதில் எது முந்தியது என்று கேட்டால், பறிக்கிற பொருள்தான். புறத்திணைகளை மனப்பாடம் செய்த காலம் நினைவிருக்கிறவர்களுக்கு ‘வெட்சி நிரைகவர்தல் மீட்டல் கரந்தையாம்’ என்ற வரி நாக்கிலேயே இருக்கும். பகை நாட்டுப் பசுக்கூட்டத்தை ஓட்டிக்கொண்டு வருவது நிரை கவர்தல். அதற்குப் போகும் வீரர்கள் வெட்சிப் பூச் சூடுவார்கள். திருக்குறளின் 100ஆம் குறளிலும் இந்த வினை இருக்கிறது: ‘இனிய உளவாக இன்னாத கூறல் கனிஇருப்பக் காய்கவர்ந் தற்று.’ இனிய சொல் இருக்கக் கடுஞ்சொல் பேசுவது, பழம் இருக்கும்போது போய்க் காயைப் பறித்துத் தின்பது போல என்கிறார் வள்ளுவர். இங்கே மனம், அன்பு எதுவும் இல்லை. கை நீட்டி எடுக்கிற வேலை மட்டும்தான்.

சரி, கையால் எடுக்கிற ஒரு சொல் எப்படி அன்புக்கு வந்து சேர்ந்தது? இங்கேதான் எனக்குத் தமிழ் மேல் பெருமிதம் பொங்குகிறது. தொல்காப்பியம் வெட்சியைக் குறிஞ்சியோடு இணைக்கிறது: ‘வெட்சி தானே குறிஞ்சியது புறனே.’ குறிஞ்சி என்றால் மலைநிலத்தில் ஊரறியாமல் நடக்கும் காதல். அதற்கு ‘களவு’ என்றே பெயர். பசுக்களைக் கொண்டுவருவதைச் சொல்லும் இடத்திலும் ‘வேற்றுப்புலக் களவின்’ என்று அதே சொல்லைத் தொல்காப்பியர் போடுகிறார். மாடு ஓட்டுகிறவனும் மனம் கொண்டுபோகிறவனும் அவருடைய கணக்கில் ஒரே நாணயத்தின் இரு முகங்கள். ஆக, அன்பைப் பெறுவதைத் திருட்டாகப் பார்க்கும் பார்வை, யாரோ ஒரு புலவருக்கு ஒருநாள் தோன்றிய அலங்காரம் என்று தள்ளக்கூடியது இல்லை. இலக்கணமே அப்படித்தான் வகுத்திருக்கிறது.

குறுந்தொகையின் 25ஆம் பாட்டில் கபிலரின் தலைவி சொல்கிறாள்: ‘யாரும் இல்லைத் தானே கள்வன்.’ அவர்கள் சேர்ந்த அன்றைக்குச் சாட்சி என்று சொல்ல ஆள் யாரும் இல்லை. அந்தக் கள்வன் மட்டும்தான் இருந்தான். அவனே பொய் சொல்லிவிட்டால் நான் என்ன செய்வேன் என்று தவிக்கிறாள். ஓடுகிற நீரில் ஆரல் மீனைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு குருகு உண்டு என்கிறாள், அவ்வளவுதான். ‘கள்வன்’ என்பதில் ஒரு பக்கம் அன்பும் ஒரு பக்கம் பயமும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. திருடியவன் திரும்ப வருவானா என்பதுதானே அவள் கேள்வி.

இந்த இரண்டு சொற்களும், கவர்வதும் கள்வனும், ஒன்றாக வந்து உட்கார்ந்த இடம் சம்பந்தரின் தேவாரம். சீர்காழியில் குளக்கரையில் அழுத மூன்று வயதுக் குழந்தைக்கு அம்மை பால் கொடுத்தாள், யார் கொடுத்தது என்று தகப்பனார் கேட்டபோது குழந்தை கை நீட்டிப் பாடியது என்பது மரபாகச் சொல்லப்படும் கதை. அந்தப் பாட்டு ‘தோடுடைய செவியன்’. முதல் திருமுறையின் முதல் பதிகம். அதன் இரண்டாம் அடி முடிகிற இடம்: ‘என் உள்ளங்கவர் கள்வன்.’

இதைக் கொஞ்சம் கிட்டத்தில் வைத்துப் பார்க்கலாம். ‘கவர் கள்வன்’ என்பது வினைத்தொகை. ஊறுகாய் என்றால் ஊறின காய், ஊறுகிற காய், ஊறும் காய் என்று மூன்றும் அடங்குவது போலத்தான் இதுவும். கவர்ந்த கள்வன், கவர்கின்ற கள்வன், கவரும் கள்வன். ஏற்கெனவே எடுத்துப் போனவன், இந்த நிமிடமும் எடுத்துக்கொண்டிருக்கிறவன், இன்னும் எடுக்கப் போகிறவன். ‘உள்ளம் கவர்ந்த கள்வன்’ என்று சம்பந்தர் பாடியிருந்தால் சம்பவம் முடிந்துபோயிருக்கும். காலத்தைக் காட்டும் உறுப்பு இல்லாததால் இது முடியவே இல்லை. அதே பதிகத்தின் மூன்றாம் பாட்டில் ‘வெள்வளை சோர’ என்று, காதலில் மெலிந்து வளையல் கழன்று விழும் பெண்ணின் குரலும் சேர்ந்துகொள்கிறது. அகப்பாட்டின் தலைவி அப்படியே பக்திக்குள் நடந்து வந்துவிட்டாள்.

இப்போது நம்முடைய அன்றாட எழுத்துக்கு வரலாம். மேலே சொன்னதிலிருந்து மூன்று விஷயங்கள் கிடைக்கின்றன.

கவர்கிறவர் எழுவாய், மனதைப் பறிகொடுப்பவர் செயப்படுபொருள். ‘அந்த ஓவியம் என்னைக் கவர்ந்தது’ என்பதில் வேலை செய்வது ஓவியம். நான் நின்றுகொண்டிருந்தேன், அவ்வளவுதான். ‘நான் அந்த ஓவியத்தைக் கவர்ந்தேன்’ என்று மாற்றினால் போலீஸ் வரவேண்டிய விஷயமாகிவிடும். புதிதாகத் தமிழ் கற்பவர்கள் தடுமாறும் இடம் இதுதான்: விரும்புகிறவரை எழுவாயாக வைத்துப் பழகியவர்கள் தலைகீழாக எழுதிவிடுவார்கள்.

அடுத்தது, கவர்கிறவருக்கு எண்ணம் இருக்கவேண்டிய அவசியம் இல்லை. குற்றாலச் சாரல் கவரும், தஞ்சைப் பெரிய கோயிலின் விமானம் கவரும், ஒரு குழந்தையின் மழலை கவரும். எதுவும் நம்மைக் குறிவைத்து நடப்பதில்லை. ஆனால் ‘கவர’ என்ற எச்ச வடிவத்துக்கு வந்தால் நிலைமை மாறுகிறது. ‘வாடிக்கையாளர்களைக் கவர ஆடித் தள்ளுபடி’, ‘வாக்காளர்களைக் கவரப் புதிய வாக்குறுதிகள்’ என்று படித்தால் உடனே திட்டம் ஒன்று கண்ணில் படுகிறது. ‘அவன் பேச்சு அவளைக் கவர்ந்தது’ என்பது இயல்பாக நடந்தது. ‘அவளைக் கவர இப்படிப் பேசினான்’ என்பதில் ஒரு கணக்கு இருக்கிறது. கதை எழுதுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். நல்லவனாகக் காட்ட நினைக்கும் ஆளுக்குக் ‘கவர’ என்று எழுதினால், அவன் மேல் வாசகருக்கு லேசான சந்தேகம் விழுந்துவிடும்.

மூன்றாவது, ‘கவர்ந்தது’ பெரும்பாலும் சட்டென்று நடப்பது. பார்த்தோம், மனம் போய்விட்டது. அதனால்தான் நெடுநாள் உழைத்துப் பெற்ற அன்பை இந்தச் சொல் தாங்காது. கொஞ்சமாகப் பணம் வாங்கிக்கொண்டு வருடக்கணக்காக ஒரே ஊரில் வைத்தியம் பார்த்த டாக்டர் ஒருவரைப் பற்றி எழுதுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். ‘ஊர் மக்களைக் கவர்ந்தார்’ என்று எழுதினால் ஏதோ மேடையேறிப் பேசிக் கைதட்டல் வாங்கினார் என்பது போல இருக்கும். அவருக்கு உரியது ‘ஊர் மக்களின் அன்பைச் சம்பாதித்தார்’. சம்பாத்தியம் என்றால் நாள் நாளாகச் சேர்ப்பது. ‘மனதில் இடம்பிடித்தார்’ என்றும் எழுதலாம், அதில் போனவர் திரும்பி வராமல் அங்கேயே இருக்கிறார் என்ற பொருள் உண்டு. ஒரு விதிவிலக்கு: ‘மாணவர்களின் மனங்கவர்ந்த ஆசிரியர்’ என்று பெயருக்கு முன்னால் அடையாகப் போடும்போது அந்தச் சட்டென்ற தன்மை போய், நிலைத்த குணமாகிவிடுகிறது. அது நன்றாகவே இருக்கும்.

‘கவர்’ இருக்கும் இடத்தில் எல்லாம் ‘ஈர்’ போட்டுவிடலாம் என்று பலர் நினைக்கிறார்கள். பாதி சரி. ஈர்த்தல் என்றால் இழுத்தல். கவர்ந்தால் பொருள் உடையவரை விட்டுப் போய்விடுகிறது, ஈர்த்தால் ஆள் அருகே வருகிறார். கம்பர் இதை அழகாகக் காட்டுகிறார். மிதிலையில் இராமனும் சீதையும் ஒருவரையொருவர் பார்த்த இடத்தில், ‘பருகிய நோக்கெனும் பாசத்தால் பிணித்து ஒருவரை ஒருவர்தம் உள்ளம் ஈர்த்தலால்’ என்கிறார். பாசம் என்றால் கயிறு, பாசம் என்றால் அன்பும்தான். பார்வையாகிய கயிற்றால் கட்டி இரண்டு பேரும் இழுக்கிறார்கள். இருவரும் ஒரே நேரத்தில் செய்கிற இந்த வேலைக்கு ‘ஈர்’ எவ்வளவு பொருத்தம் பாருங்கள். கவர்வதில் ஒருவர் எடுக்கிறார், மற்றவர் இழக்கிறார். அதை வைத்துக்கொண்டு இந்தக் காட்சியை எழுதியிருக்க முடியாது.

இன்றைய வழக்கிலும் இந்த வேறுபாடு ஓரளவு நிற்கிறது. சட்டமன்றத்தில் கொண்டுவருவது கவன ஈர்ப்புத் தீர்மானம். பூமி செய்வது புவியீர்ப்பு. அரசாங்கம் முதலீட்டை ஈர்க்கும், உள்ளே கொண்டுவரும். வாணவேடிக்கை கண்ணைக் கவரும், அதனால்தான் திருவிழா நோட்டீஸில் ‘கண்கவர் வாணவேடிக்கை’ என்று போடுகிறார்கள். காந்தம், மின்னூட்டம் பற்றிய பாடங்களில் மட்டும் இரண்டும் கலந்து வரும். கவனத்தோடும் இரண்டும் வரும். இரண்டும் சரியென்றாலும், நானாக எழுதினால் கவனத்துக்கு ‘ஈர்’, மனதுக்குக் ‘கவர்’ என்று வைத்துக்கொள்வேன்.

வடிவத்தில்தான் பலர் இரண்டையும் போட்டுக் குழப்புகிறார்கள். ஈர்க்கிறது, ஈர்த்தது, ஈர்க்கும். கவர்கிறது, கவர்ந்தது, கவரும். ‘கவர்க்கிறது’, ‘கவர்த்தது’ என்றெல்லாம் வராது. ‘மனதைக் கவர்ந்த’ என்று எழுதும்போது ஐ உருபுக்குப் பின் க் மிகும். உருபு மறைந்தால் ‘மனங்கவர்ந்த’, ‘உளங்கவர்ந்த’ என்று ம் திரிந்து ங் ஆகும். ‘கண்கவர்’ என்பதற்கு நடுவில் எதுவும் வேண்டாம். ‘மனத்தை’ என்பதே முறையான வடிவம் என்பார்கள் இலக்கணம் அறிந்தவர்கள். ‘மனதை’ எல்லோர் கையிலும் நிலைத்துவிட்டது, அதைத் திருத்திக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

‘மயக்கு’ என்றால் எதிராளிக்குப் புத்தி தெளிவாக இல்லை. ‘வசப்படுத்து’ என்றால் எதிராளி இனி சொன்னபடி கேட்பார், வசியத்தின் வாடை அதில் உண்டு. ‘வசீகரி’ அந்த வேரிலிருந்தே வந்தாலும் இன்று மென்மையாகிவிட்டது. குரலுக்கும் முகத்துக்கும் நன்றாக ஒட்டும். ‘கொள்ளைகொள்’ என்பது ‘கவர்’ சொல்வதையே உரத்துச் சொல்வது.

இவற்றுக்கெல்லாம் மறுபக்கமாக ஒரு சொல் இருக்கிறது, எனக்கு மிகவும் பிடித்தது: ‘பறிகொடு’. ‘அவளிடம் மனதைப் பறிகொடுத்தான்.’ பறித்தது அவள், கொடுத்தது அவன். இரண்டு வினைகள் ஒட்டி, பறிபோவதையும் தருவதையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுகின்றன. திருடுபோனவன் புகார் சொல்லவில்லை என்பதும் அதிலேயே இருக்கிறது. ‘கவர்’ வரும் வாக்கியத்தை இழந்தவன் பக்கத்திலிருந்து எழுத வேண்டுமானால் ‘கவரப்பட்டான்’ என்று போகாமல் ‘பறிகொடுத்தான்’ என்று எழுதிப் பாருங்கள், வாக்கியத்துக்கு உயிர் வந்துவிடும். ‘கவரப்பட்டு’ என்பது கொள்கைக்குச் சரி. ‘காந்தியின் கொள்கைகளால் கவரப்பட்டுப் போராட்டத்தில் இறங்கினார்’ என்பதை எத்தனையோ வாழ்க்கைக் குறிப்புகளில் படித்திருக்கிறோம், அங்கே அது உறுத்துவதில்லை.

ஒரு எச்சரிக்கையைச் சொல்லியே ஆக வேண்டும். வினைச்சொல் இவ்வளவு தூய்மையாக இருக்க, அதிலிருந்து பிறந்த ‘கவர்ச்சி’ என்ற பெயர்ச்சொல் வேறு வழியில் போய்விட்டது. சினிமாப் பத்திரிகைகள் ‘கவர்ச்சி நடிகை’, ‘கவர்ச்சிப் படம்’ என்று போட்டுப் போட்டு, உடலைக் காட்டுவது என்ற பொருளை அதன் மேல் ஏற்றிவிட்டன. ‘கவர்ச்சிகரமான சம்பளம்’ என்றால் யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். ‘கவர்ச்சியான பேச்சு’ என்பதும் பரவாயில்லை. ஆனால் கூட வேலை பார்க்கும் பெண்ணிடம் ‘நீங்கள் கவர்ச்சியாக இருக்கிறீர்கள்’ என்று சொல்வது பாராட்டு ஆகாது, அவமதிப்பு. ‘உங்கள் பேச்சு என்னைக் கவர்ந்தது’ என்று அதே ஆளிடம் தாராளமாகச் சொல்லலாம். பெயர்ச்சொல் வேண்டிய இடத்தில் ‘ஈர்ப்பு’ அல்லது ‘வசீகரம்’ போட்டுக்கொள்வது நல்லது. ஒரு நல்ல சொல்லை இப்படி நாமே கைவிட வேண்டி வந்ததில் எனக்கு வருத்தம்தான்.

அப்புறம், பேச்சு வழக்கு. வீட்டில் யாரும் ‘கவர்ந்துச்சு’ என்று பேசுவதில்லை. புது மாப்பிள்ளையைப் பற்றிப் பாட்டி பேசினால், ‘வந்த ரெண்டு நாள்ல எல்லாரையும் கைக்குள்ள போட்டுக்கிட்டான்’ என்பாள். அதைச் சிரித்துக்கொண்டே சொன்னால் மெச்சுகிறாள், உதட்டைச் சுழித்துச் சொன்னால் குறை சொல்கிறாள். ‘ஐஸ் வைக்கிறான்’, ‘காக்கா பிடிக்கிறான்’ என்றால் சந்தேகமே இல்லை, காரியத்துக்காகப் பேசுகிறான் என்று பொருள். இளைஞர்கள் சொல்லும் ‘கரெக்ட் பண்ணிட்டான்’, ‘மடக்கிட்டான்’ என்ற சொற்களை நான் ஏற்கமாட்டேன். கவர்வதில் போனது மனம் மட்டும், அதுவும் போனவருக்கு மகிழ்ச்சியாகவே போனது. ‘மடக்கு’ என்பதில் அகப்பட்டது ஆள், அந்த ஆளுடைய விருப்பத்துக்கு அதில் இடமே இல்லை.

இவையெல்லாம் அடுத்தவரைப் பற்றிப் பேசும் பேச்சு. நமக்கு ஒருவர் மேல் பிரியம் வந்ததை நாமே சொல்லும்போது வேறு ஒரு வினைக்குப் போகிறோம்: ‘எனக்கு அவனைப் பிடிச்சுப்போச்சு.’ பிடிப்பதும் கையால் செய்கிற வேலைதான், கவர்வதைப் போல. ஆனால் வாக்கியத்தை உடைத்துப் பார்த்தால் எழுவாயைக் காணோம். ‘எனக்கு’ என்பது நான்காம் வேற்றுமை, ‘அவனை’ என்பது இரண்டாம் வேற்றுமை. நானும் பிடிக்கவில்லை, அவனும் பிடிக்கவில்லை. பிடித்தல் என்ற ஒன்று எங்களுக்குள் நடந்தது, அவ்வளவுதான். கவர்வதில் திருடன் என்று சொல்லிக் கைகாட்டவாவது ஒருவர் இருக்கிறார், இங்கே அதுவும் இல்லை. கதையில் பாத்திரங்கள் வாய்விட்டுப் பேசும் இடங்களில் ‘என்னைக் கவர்ந்துவிட்டாய்’ என்று எழுதாமல், ‘உன்னை எனக்குப் பிடிச்சிருக்கு’ என்றே எழுதுங்கள். ‘கவர்’ கதை சொல்பவரின் குரலில் வரட்டும், அங்கேதான் அது எடுபடும்.